பூதமும் பொருணிலையும்

ஐம்பூதங்களின் இலக்கணத்தை மாணாக்கர்க்கு விளக்கப் புகுவோர் பலர் இக்காலத்தே ஒரு குறுக்குவழியைக் கைக்கொள்ளுகின்றனர். மண்ணென்றது திண்மப் பொருளை, நீரென்றது திரவப் பொருளை, காற்றென்றது வாயுப் பொருளை, தீயென்றது ‘பிளாஸ்மா’ எனப்படும் நான்காம் நிலையை, வானென்றது வெற்றிடத்தை என்று அவர் வகுத்துரைப்பர். உரைத்து, பௌதிக நூலார் பிற்காலத்துக் கண்ட பொருணிலைகளைப் பண்டையாசிரியர் முன்னரே கண்டு வைத்தனர் என முடிப்பர். இவ்விளக்கம் கேட்டற்கு இனிது. அவையிற் கைதட்டும் பெறுவது. ஆயினும், அது நூலுக்கு இயைந்ததா, நூலுக்கு இயையாதாயின் விஞ்ஞானத்துக்கேனும் இயைந்ததா என்பது ஆராயப்படல் வேண்டும். இரண்டனுக்கும் இயையாத உரை நூலைப் போற்றுவது போலத் தோன்றி அதனைக் கெடுப்பதாய் முடியும். இரசாயனத்தைப் பின்னர் முறையாகக் கற்கும் மாணாக்கன், உரையின் பிழையைக் கண்டவழி உரையை மாத்திரம் விடான். நூலையும் உடன் விடுவான்.

இவ்வுரைகாரர்க்குப் பற்றுக்கோடாவது பெரும்பாலும் உண்மை விளக்கத்தின் ஒரு பகுதியாம். மெய்கண்ட சாத்திரம் 14-னுள் ஒன்றாகிய அந்நூலைத் திருவதிகை மனவாசகங்கடந்தார் வினாவும் விடையுமாக அமைத்தனர். அதன்கண், மண் கடினமாய்த் தாங்குதலும், நீர் பதப்படுத்தலும், தீச் சுட்டு ஒன்றுவித்தலும், காற்றுச் சலித்துத் திரட்டலும், வான் இடங்கொடுத்தலும் தத்தம் தொழிலாக ஓதப்பட்டன. ‘கடினம்’ என்னும் சொல்லைக் கண்ட அளவானே திண்மம் என்றும், பதப்படுத்தல் என்றதைக் கொண்டு திரவம் என்றும் இவர் துணிந்தனர். அஃது அங்ஙனமாயின், அதே நூல் அதே பூதங்களுக்கு வடிவும் நிறமும் எழுத்தும் கூறியதற்கு இவர் யாது பொருள் கொள்வர்? மண்ணுக்கு நாற்கோணமும் நீருக்குப் பிறை வடிவும் தீக்கு முக்கோணமும் காற்றுக்கு அறுகோணமும் வானுக்கு வட்டமும் அங்கே ஓதப்படுகின்றன. திண்மப் பொருளெல்லாம் நாற்கோணமாமோ? அப்பகுதியைக் குறிப்பான் உணர்த்தும் தியான முறை என்று ஒதுக்கி, தொழில் கூறும் பகுதியை மாத்திரம் பௌதிக நூற்பாவாகக் கொள்ளுதல், ஒரு மரத்தின் கிளையொன்றை மட்டும் வேறு மரமென்பதனோடு ஒக்கும். அன்றியும், ஆண்டுச் சொல்லப்பட்டவை ‘தாங்குதல்’, ‘ஒன்றுவித்தல்’, ‘திரட்டல்’, ‘இடங்கொடுத்தல்’ என்னும் தொழில்கள். ஒரு பூதம் பிற பொருளுக்குச் செய்யும் உபகாரம் ஈண்டுப் பேசப்படுகின்றதேயன்றி, ஒரு பொருள் தானிருக்கும் நிலை பேசப்படவில்லை. வாயுநிலைக்கு இலக்கணம் திரட்டலன்று; பரவலே அதன் இயல்பு. காற்றுத் திரட்டும் என்ற நூலை வாயுநிலைக்குச் சான்றாகக் காட்டுவோர் அச்சொல்லை ஊன்றி நோக்கிற்றிலர்.

இனி, விஞ்ஞானத்தின் பக்கலை நோக்குவாம். இரசாயன நூலார் ஒரு பொருளைக் குறித்து இரண்டு வினாக்களை வேறு வேறாக வினவுவர். இப்பொருள் யாதினால் ஆயது என்பது ஒன்று. இப்பொழுது எந்நிலையில் நிற்கின்றது என்பது மற்றொன்று. முன்னையதற்கு விடை தனிமம், சேர்மம், கலவை என மூவகைப்படும். ஈழநாட்டுப் பள்ளிநூல்கள் மூலகம், சேர்வை, கலவை என வழங்குவதும் இதுவே. பின்னையதற்கு விடை திண்மம், திரவம், வாயு என்பன. இரண்டும் ஒன்றையொன்று சாரா. பனிக்கட்டியும் நீரும் நீராவியும் நிலையால் மூன்று, பொருளால் ஒன்றே. மூன்றிலும் ஹைட்ரஜன் அணு இரண்டும் ஆக்ஸிஜன் அணு ஒன்றும் கூடிய மூலக்கூறே உளது. திண்மத்தில் அம்மூலக்கூறுகள் தத்தம் இடத்தினின்று பெயராது நடுங்குகின்றன. திரவத்தில் ஒன்றன்மேலொன்று வழுக்கி இடம் மாறுகின்றன. வாயுவில் ஒன்றையொன்று விட்டு விலகி விரைந்தோடி மோதித் திரிகின்றன. துகள்களின் ஒழுங்கும் ஓட்டமும் மாறியதன்றித் துகள் மாறிற்றில்லை. கொதிநிலையில் நீர் ஆவியாங்கால் ஏறக்குறைய 1,700 மடங்கு இடத்தைக் கொள்ளுவதும் துகள் பெருத்தமையானன்று, துகளிடை வெளி பெருத்தமையான் என்க.

இவ்விரு வினாக்களையும் ஒன்றாக்கி விடுதலே மேற்காட்டிய உரையின் முதற்குற்றம். பூதமென்பது நிலையாயின், மார்கழிக் குளிரில் உறைந்த நெய் மண்ணாகவும், உருக்கிய பொழுது நீராகவும், மீள உறைந்த பொழுது மண்ணாகவும் ஆதல் வேண்டும். அதனை ஒப்பார் யார்?

இதன்கண் வியப்பாவது யாதெனின், பண்டைத் தருக்க நூலாரே இம்மயக்கத்தை முன்னரே விலக்கி வைத்தமையாம். அன்னம்பட்டர் இயற்றிய தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழிற் பெயர்த்தருளினர். மடங்களிற் பயின்றோர் சித்தாந்தத்துக்கு முன்னர் ஓதும் நூல் அது. அதன்கண் நெகிழ்ச்சி என்பது ஒரு குணமாக எண்ணப்பட்டு, இயற்கை, நிமித்தத்தான் வருவது என இரண்டாகப் பகுக்கப்பட்டது. இயற்கை நெகிழ்ச்சி நீரின்கண் உள்ளது. நிமித்தத்தான், அஃதாவது தீயின் சேர்க்கையான், வரும் நெகிழ்ச்சி மண்ணின்கண்ணும் தீயின்கண்ணும் உள்ளது. நெய்யும் அரக்கும் மண்ணின்பாற்பட்டவை. அவை உருகி ஓடினும் மண்ணே. பொன் தீயின்பாற்பட்டது, அது மூசையில் உருகித் ததும்பினும் தீயே. ஆலங்கட்டி கடினமாய் வீழினும் நீரே. அதன் நெகிழ்ச்சி தடையுண்டு நிற்கின்றது என்பர் தருக்க நூலார். இதனான் அறியப்படுவது யாது? கடினமும் நெகிழ்ச்சியும் மாறும் நிலைகள். பூதமோ அவற்றால் மாறாதது. பூதத்தையும் நிலையையும் வேறு பிரித்தறிந்தோரைப் பார்த்து, ‘நீவிர் பூதமென்றது நிலையையே’ என்பது அவர்க்குப் புகழாகுமோ? அவர் செய்த நுண்ணிய பகுப்பை அழிப்பதாம்.

பொன்னைத் தீயென்றது இன்றைய ஆராய்ச்சிக்கு ஒவ்வாது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எவ்வளவு காய்ச்சினும் பொன்னின் நெகிழ்ச்சி கெடாமையின் அது மண்ணன்று என்பது தருக்க நூலார் காட்டிய ஏது. பொன் 1,064 பாகையில் உருகுவதும், 2,800 பாகைக்கு மேற் கொதித்து ஆவியாவதும் இன்று அளந்தறியப்பட்டன. அக்கொதிநிலை பண்டை உலைகளுக்கு எட்டாதது. எட்டாமையின் ஏது பிழைத்தது. பிழைத்ததைப் பிழைத்ததென்றல் நூற்பற்றுக்கு இழுக்கன்று.

கருப்பூரத்தையும் ஈண்டு நோக்குக. அது திரவமாகாமலே ஆவியாய் மெலிவது யாவரும் அறிந்தது; மூடிய செப்பில் வைத்ததும் சில திங்களிற் சிறுத்துவிடும். விஞ்ஞானி அதனைத் திண்மம் நேரே வாயுவாதல் என்பன். அக்கருப்பூர மூலக்கூறுகளே மூக்கினுட் புக்கு மணத்தைத் தருகின்றன என்பன். தருக்க நூலார் நாற்றம் மண்ணுக்கே உரியது என்றும், காற்றில் மணம் தோன்றுவது மணமுடைய பொருளின் நுண்கூறுகளைக் காற்றுச் சுமந்து வருதலான் என்றும் கூறுவர். இவை இரண்டும் ஓரளவு ஒத்து நடப்பது உண்மை. ஆயினும் தருக்க நூலார் கூற்றின்படி, பரவிய கருப்பூரம் வாயுவாய்ப் பரவியும் மண்ணே. கண்ணுக்குப் புலனாகாது பறப்பதனையும் மண் என்றவர், மண்ணென்னும் பெயரைத் திண்மத்துக்கு இட்டாரல்லர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

காற்றின்கண் இம்மயக்கம் இன்னும் பெருந்தீங்கு விளைக்கும். காற்றென்னும் பூதத்துக்கு ஓசையும் ஊறும் ஆகிய இரண்டே குணம், உருவம் இல்லை. நாம் உயிர்க்கும் காற்றோ, நைட்ரஜன் நூற்றுக்கு 78 பங்கும் ஆக்ஸிஜன் 21 பங்கும் ஏனைய சிலவும் விரவிய கலவை. அவ்வேனையவற்றுள் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கினதாகிய ஆர்கான் 1894-ஆம் ஆண்டு வரை எவரானும் அறியப்படாதிருந்து, இரேலி, இராம்சே என்னும் இருவரால் வெளிப்பட்டது. இக்கலவையை மிகக் குளிர்விப்பின், உறைபனி நிலைக்குக் கீழ் ஏறக்குறைய 190 பாகையில், அது திரவமாய்க் கலத்தில் நிற்கும்; அதன்கண் உள்ள ஆக்ஸிஜன் இளநீல நிறமுடையது. கண்ணாற் காணப்படும் நிறம் வந்துவிட்டது! வளிமண்டலக் காற்றையே வாயு பூதமென்று சாதித்தவர், இப்பொழுது உருவமில்லாப் பூதத்துக்கு உருவம் உண்டென்றோ, காற்று நீராயிற்றென்றோ கூறுதல் வேண்டும். இரண்டும் நூலுக்கு முரண். நூலைத் தாங்கப் புக்கவரே அதனை வீழ்த்தினார் ஆவர்.

தீயைப் பிளாஸ்மா என்பது இவ்வெல்லாவற்றினும் எளிதிற் கழியும். பிளாஸ்மாவாவது அணுக்களினின்றும் எலெக்டிரான்கள் பிரிந்து நிற்கும் வாயு. ஞாயிறும் விண்மீன்களும் அந்நிலையின. அகல்விளக்கின் சுடர் அன்னதன்று. எண்ணெய் ஆவியாகி, காற்றின் ஆக்ஸிஜனோடு கூடி வெப்பத்தை விடும் ஒரு வினை அது. அதன் மஞ்சள் ஒளி, முற்றும் எரியாத கரித்துகள்கள் காய்ந்து ஒளிர்தலான் உண்டாவது. சுடரின்மேல் ஓர் ஓட்டைக் கவிழ்த்து மை பிடிக்கும் பெண்டிர் அக்கரித்துகளைத் தம் கையாற் காண்கின்றனர். சுடர் ஒரு பொருளின் பெயரன்று, ஒரு நிகழ்ச்சியின் பெயர்.

வானைக் குறித்தும் ஒரு சொல். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தும் அதன் முன்னரும், ஆகாயமென்றது ஒளியலைகளைத் தாங்கி எங்கும் நிறைந்த ‘ஈதர்’ என்று பலர் எழுதினர். அவ்வீதரின் ஊடே புவி செல்லுங்கால் தோன்றவேண்டிய வேறுபாட்டை மைக்கல்சனும் மார்லியும் 1887-இல் நுணுகி அளந்து தேடினர், காணப்பட்டிலது. 1905-இல் ஐன்ஸ்டைன் அஃது இன்றியே ஒளியின் செலவை விளக்கினர். ஈதர் போயிற்று, அதனை நம்பி எழுதிய உரைகள் அச்சேறியபடியே நிற்கின்றன. இன்று வெற்றிடம் என்பாரும் அவ்விடத்தேதான் வந்து நிற்கின்றனர்.

இதுகாறும் கூறியது ஒரு சாரார்க்கு. மறுசாரார் ஒருவர் உளர். ‘நீர் தனிமம் அன்று, காற்றுத் தனிமம் அன்று, தீ ஒரு பொருளே அன்று என்று காட்டப்பட்டது, தனிமங்கள் ஐந்தல்ல, 118, ஆகலின் ஐம்பூதக் கொள்கை பொய்’ என்பது அவர் கடா. இதுவும் அதே மயக்கத்தின் மறுபக்கமாம். பூதமென்பது ‘எலிமெண்ட்’ என்னும் சொல்லால் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது. அச்சொல்லின் வரலாறு வேறு. சிசிலித் தீவினராகிய எம்பெடோக்கிளீஸ் நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கும் வேறொன்றினின்றும் தோன்றாத வேர்கள் என்றனர். அரிஸ்டாட்டில் வானுலகுக்கு ஐந்தாவது ஒன்றைக் கூட்டினர். ஐரோப்பிய இரசாயனம் எதிர்த்துப் போராடியது இக்கொள்கையோடு. இராபர்ட் பாயில் 1661-இல் வெளியிட்ட நூலில் இதனை ஐயுற்றனர். 1780-களில் கேவண்டிஷ், இலவாய்சியர் என்போரின் ஆராய்ச்சியான் நீர் இரு வாயுக்களின் கூட்டமென்பது புலனாயிற்று. 1800-இல் நிக்கல்சனும் கார்லைலும் மின்னோட்டத்தால் நீரைப் பிரித்தே காட்டினர். ஒன்பது பங்கு நிறையுள்ள நீரில் ஏறக்குறைய ஒரு பங்கு ஹைட்ரஜன், எட்டுப் பங்கு ஆக்ஸிஜன்; எவ்விடத்து நீரைச் சோதிப்பினும் இவ்வளவே. இதனால் வீழ்ந்தது, நீர் பிறிதொன்றினின்றும் ஆகாத மூலம் என்ற கொள்கை.

சைவ சித்தாந்தம் அவ்வாறு கூறிற்றா? இல்லை. பூதம் என்னும் சொல்லே ‘ஆயது’ எனப் பொருள்படும். பூதாதி அகங்காரத்தினின்று ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம் என்னும் தன்மாத்திரைகளும், அவற்றினின்று பூதங்களும் தோன்றும் என்பது தத்துவ முறை. 36 தத்துவங்களுள் பூதங்கள் இறுதியிற் றோன்றிய காரியங்கள், முதலல்ல, முடிவு. வானுக்கு ஒரு குணம், காற்றுக்கு இரண்டு, தீக்கு மூன்று, நீருக்கு நான்கு, மண்ணுக்கு ஐந்து என்று அவை வரவரப் பருத்து வருவன. ஐந்து என்ற எண்ணும் பொருள்களைப் பிரித்துப் பார்த்துப் பெற்றதன்று. செவி, மெய், கண், நா, மூக்கு என்னும் அறிகருவிகள் ஐந்தாகலின் அவற்றாற் பற்றப்படும் புலனும் ஐந்து. புலனுக்கு இடமாகிய பூதமும் ஐந்து. ஆகவே இஃது அறிவான் ஒருவனுக்கு உலகம் எவ்வெவ் வாயிலாற் புலனாகின்றது என்னும் பகுப்பு. இரசாயன நூலார் செய்தது, அவ்வறிவானை விலக்கி, பொருளைப் பொருளாற் பிரித்து நிறுத்தறியும் பகுப்பு. வினா வேறாயவழி விடை வேறாதல் முரணாகாது.

அன்றியும், தனிமம் என்னும் சொல்லை இரசாயன நூலாரே இறுதிப் பொருள் என்னும் கருத்தில் வழங்கிற்றிலர். இலவாய்சியர் 1789-இல் தம் நூலில் 33 தனிப்பொருள்களை வரிசைப்படுத்தினர். பிரித்தாய்தல் இன்றுவரை சென்று நின்ற எல்லை எதுவோ அதுவே தனிமம் என்பது அவர் கொள்கை. நாளை அதுவும் பிரியலாம். அவ்வாறே ஆயிற்று. அவர் வரிசையில் ஒளியும் வெப்பமும் இருந்தன, சுண்ணாம்பும் இருந்தது. வெப்பம் பொருளன்று என்பது பின்னர்த் தெளியப்பட்டது. சுண்ணாம்பு, கால்சியம் என்னும் உலோகமும் ஆக்ஸிஜனும் கூடிய சேர்மமென்பதை 1808-இல் ஹம்ப்ரி டேவி மின்னாற் பிரித்து அறிவித்தனர். தம் எல்லையைத் தாமே உணர்ந்து கூறிய இவ்வடக்கம், அவரைப் பின்பற்றிக் கடா விடுப்பாரிடத்துக் காணப்படவில்லை.

அணுவைப் பற்றியும் ஒரு தடுமாற்றம் உலவுகின்றது. கணாதர் அணுவைக் கண்டார், ஆகலின் பாரத நாட்டு ஞானம் டால்டனுக்கு முற்பட்டது என்று சைவ மேடைகளினும் பேசப்படுகின்றது. பேசுவோர் ஒன்றை மறந்தனர். பரமாணுக்களே உலகுக்கு முதற்காரணம் என்ற வைசேடிகர் கொள்கையை மறுத்தே சித்தாந்தம் மாயையை நிறுவுகின்றது. சடமாய்ப் பலவாய் உள்ளது குடம் போலக் காரியமேயாம், காரியமாயின் அதற்கும் ஒரு காரணம் வேண்டும் என்பது மறுப்பின் சாரம். ஒரு கையாற் கணாதரை மறுத்து மறுகையால் அவர்க்கு மாலை சூட்டுதல் சித்தாந்திக்கு எங்ஙனம் அமையும்?

அல்லதூஉம், கணாதர் மரபின் பரமாணு வேறு. டால்டன் 1808-இல் எழுதிய அணு வேறு. முன்னது நால்வகை, பகுக்கப்படாதது, அழியாதது. பின்னது தனிமந்தோறும் வேறு நிறையுடையது. சேர்மங்களில் அளவு பிறழாது கூடுவது. சாளரத்தின் வழி வரும் வெயிலிற் காணப்படும் துகளில் ஆறில் ஒன்று பரமாணு என்று பண்டையோர் கணக்கிட்டனர். இன்று அறியப்பட்டபடி அத்துகளொன்றில் அணுக்கள் கோடி கோடியாக உள. அத்துகள் வெயிலில் ஆடுவதும் பெரும்பாலும் காற்றின் வீச்சாலேயாம். துகளின் இடையறா நடுக்கத்தை உண்மையிற் கண்டவர் இராபர்ட் பிரவுன் என்னும் தாவர நூலார். 1827-இல் மகரந்தத்தினின்று வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் ஓயாது அசைவதை உருப்பெருக்கியால் அவர் நோக்கினர். உயிரில்லாப் பொருளின் பொடியும் அவ்வாறே அசைந்தமையின் அவ்வசைவு உயிரின் செயலன்றென்று துணிந்தனர். புலப்படாத நீர் மூலக்கூறுகள் நாற்றிசையினும் மோதுதலே காரணமென்று 1905-இல் ஐன்ஸ்டைன் கணித்தனர். பிரான்சு நாட்டு ழான் பெரேன் அதனை அளந்து நிறுவினர். அணு உண்டென்பதை ஐயுற்ற அறிஞர் பலர் அதன் பின்னரே ஐயம் நீங்கினர். இதற்கிடையே, 1897-இல் தாம்சன் எலெக்டிரானையும் 1911-இல் ரதர்போர்டு அணுக்கருவையும் வெளிப்படுத்தினமையின், அணு பகுக்கப்படாதது என்பதும் ஒழிந்தது.

அற்றேல், அணு பகுபட்டமையின் சித்தாந்திகள் கூறிய காரியவாதம் மெய்யாயிற்று என்னலாமோ எனின், அதுவும் விரைந்து கூறற்பாலதன்று. விஞ்ஞானி அணுவைப் பகுத்துக் கண்டது வேறு துகள்களை. அவையும் பலவும் சடமுமே. மாயை கருவியால் எட்டப்படுவதன்று, அநுமானத்தாற் கொள்ளப்படுவது. ஒன்றற்கு மற்றொன்றைச் சான்றாக்கின், நாளை ஆய்வுக்கூடத்தில் ஒரு மாற்றம் வரும்பொழுது மாயையும் உடன் ஆடும்.

இனி, சித்தாந்த மாணாக்கர் உண்மையில் எதிர்கொள்ள வேண்டிய இடம் இவையல்ல; கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாடு. கைதட்டுப் பெறும் ஒப்புமைகளில் மயங்கியோர் இவ்விடத்தைத் தொடுவதேயில்லை.

அரிசியொடு கல் விரவின் கலவை. எவ்வளவும் விரவலாம், முறத்தாற் பிரிக்கலாம், அரிசி அரிசியாகவும் கல் கல்லாகவும் நிற்கும். கடல்நீரும் கலவையே, பாத்தியில் வெயில் நீரைக் கொண்டுபோக உப்பு எஞ்சும். அவ்வுப்பு மட்டும் வேறு வகையினது. சோடியமென்பது கத்தியால் அரியத்தக்க மென்மையுடைய உலோகம். நீரிற் படின் தீப்பற்றும். குளோரின் என்பது பசுமஞ்சள் நிறமுள்ள நச்சுவாயு. 1915-இல் பெல்ஜியத்துப் போர்க்களத்தில் அதனை விடுத்து மக்களைக் கொன்றனர். இவ்விரண்டும், 100 பங்கில் ஏறக்குறைய 39-ம் 61-ம் ஆகிய அளவிற் கூடியவழி, நாடோறும் உலையில் இடும் உப்பாகின்றது. உலோகத்தின் பளபளப்பும் எங்கே? வாயுவின் நஞ்சும் எங்கே? உவர்ப்பு எங்கிருந்து வந்தது?

உள்ளதே தோன்றும், இல்லது தோன்றாது என்பது சற்காரிய வாதம். உப்பின் உவர்ப்புச் சோடியத்தும் இல்லை, குளோரினிலும் இல்லையெனின், இல்லது தோன்றிற்று என்று வைசேடிகர் எழுந்து நகைப்பர். இதற்குச் சிலர், வினையின் முன்னும் பின்னும் நிறை மாறாமையை இலவாய்சியர் துலாக்கோலாற் காட்டியதே சற்காரியம் என விடை கூறுவர். அஃது அரைவிடை. நிறை மாறாமை பொருள் அழியாமையைக் காட்டும். புதிய குணம் தோன்றியதற்கு விடை தாராது. உரிய விடை நூலிலேயே உளது. காரியம் காரணத்தின்கண் வெளிப்பட்டு நிற்கும் என்று சித்தாந்தி கூறிற்றிலர். சத்தி வடிவாய், நுண்ணிதாய் நிற்கும் என்றே கூறினர். அச்சத்தி இன்று எவ்வாறு விளங்குகின்றதெனின், சோடிய அணு தன் புறத்தேயுள்ள எலெக்டிரான் ஒன்றை விடும் தகுதியும், குளோரின் அணு அதனைக் கொள்ளும் தகுதியும் கூட்டத்தின் முன்னரே உடையன. தகுதி இல்லாவிடத்து எத்துணை நாள் சேர்த்து வைப்பினும் சேர்மம் பிறவாது. ஆர்கான் அங்ஙனம் எதனொடும் எளிதிற் கூடாது தனித்து நின்றமையானன்றோ நெடுங்காலம் அறியப்படாதிருந்தது. உருக்கிய உப்பில் மின்னோட்டத்தைச் செலுத்தின், சோடியமும் குளோரினும் தத்தம் குணத்தொடு மீளத் தோன்றுதலும் அவை சேர்மத்துள் அழிந்தில என்பதற்கு உதவும். இது நூலை விஞ்ஞானமாக்குதல் அன்று. வைசேடிகர் விடுத்த கடாவுக்கு இன்றைய எடுத்துக்காட்டைக் கொண்டு, நூலின் விடை நிற்குமா என்று சோதித்தலாம்.

இச்சோதனை இன்றியமையாதது ஏனெனின், இதே வாயிலிற்றான் உலகாயதர் புகுவர். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடியவழி அவற்றுள் தனித்தனி இல்லாத செந்நிறம் தோன்றுமாறு போல, பூதங்கள் கூடிய உடம்பில் அறிவு தோன்றும். உயிரென வேறொன்று இல்லை என்பது அவர் பழைய உவமை. இக்காலத்தார் அதனையே மூளையின் இரசாயனம் என்று வழங்குவர். இதற்கு, ‘செந்நிறம் வெற்றிலையில் முன்னரே மறைந்திருந்தது’ என்று மறுமொழி கூறி அமைவது போதாது. அறிவும் அங்ஙனமே பூதத்தில் மறைந்திருந்தது என்று அவர் எளிதில் கூறிவிடுவர். சற்காரியத்தை அளவறியாது நீட்டினவர் உலகாயதர்க்கே துணையாவர்.

உவமையைப் பொருளளவிற் பிரித்து நோக்குதல் வேண்டும். பாக்கின் துவர்ப்பொருள் சுண்ணாம்பின் காரத்தாற் காற்றிலுள்ள ஆக்ஸிஜனொடு கூடிச் சிவக்கின்றது. மஞ்சளிற் சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பதும் அவ்வினத்ததே: மஞ்சளின் நிறப்பொருள் காரத்திற் சிறிது உருமாறி வேறு ஒளியை விழுங்குகின்றது. ஈண்டு நிகழ்ந்தது, ஒரு நிறமுடைய பொருள் மற்றொரு நிறமுடைத்தாயது. முன்னும் கண்ணுக்குப் புலன். பின்னும் கண்ணுக்குப் புலன். சேர்மங்கள் இலட்சக்கணக்கில் ஆக்கப்பட்டுள்ளன. அவை பெற்ற புதிய குணமெல்லாம் நிறமும் மணமும் சுவையும் கடினமும் வெப்பமும் போல் அறியப்படுங் குணங்களே. அறிவோ, அறியப்படுவதன்று, அறிவது. ஒருவன் மூளையை எத்துணை நுணுகி ஆராயினும், ஆராய்வானுக்கு அது காணப்படு பொருளாகவே நிற்கும், காண்பானாக எதிர்ப்படாது. ஆகவே நிறம் நிறத்தைத் தந்த எடுத்துக்காட்டு, காணப்படுவது காண்பானைத் தரும் என்பதற்கு உவமையாகாது. ‘இதுகாறும் காணப்படாத வகையிற் புதிதாய் ஒன்று தோன்றிற்று’ என்று உலகாயதர் மீளக் கூறின், உவமையை அவரே கைவிட்டாராவர். தாம் சாதிக்க வேண்டியதையே ஏதுவாக வைத்தனர் என்க.

இவ்வளவினால் உயிருண்மை நிறுவப்பட்டதென்று கொள்ளற்க. உவமை வீழ்ந்தது, அவ்வளவே. உயிருண்மைக்கு ஏதுக்கள் சிவஞான போதத்து மூன்றாஞ் சூத்திரத்தே வேறு உள. அவை இரசாயனத்தை எதிர்பாரா. மஞ்சளின் சிவப்பையோ எலுமிச்சஞ் சாறு சில துளி இட்டவுடன் மீண்டும் மஞ்சளாக்கலாம். அடுக்களையிற் செய்து பார்ப்பார்க்கு ஒரு நிமிடமும் செல்லாது.